டேஷ்போர்டைத் தட்டிப் பார்க்கிறவர்கள்

புதிய சொகுசு செடான் ஒன்று வரப்போகிறது என்று செய்தி கசிந்தால் கார்ப் பிரியர்கள் முதலில் விசாரிப்பது எஞ்சினைத்தான். எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைத்திறன், நூறைத் தொட எத்தனை வினாடி? இதற்கெல்லாம் எண்ணில் பதில் வந்துவிடும், விவாதமும் அடங்கிவிடும். அடங்காத கேள்வி ஒன்று உண்டு: "உள்ளே எப்படி?" ஸ்டிக்கர் ஒட்டி மறைத்த சோதனைக் காரின் ஜன்னல் வழியே யாரோ எடுத்த மங்கல் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அது நிஜத் தோலா ரெக்ஸினா, மரம் என்று தெரிவது மரம்தானா, நடுவிலுள்ள கறுப்புப் பட்டை விரல்ரேகை பிடிக்கிற ரகமா என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். கார் வந்ததும் ஷோரூமுக்குப் போய் முதல் வேலையாக டேஷ்போர்டை விரல்கணுவால் தட்டிப் பார்ப்பார்கள். இந்த ரக வாடிக்கையாளரைக் கண்டாலே விற்பனையாளருக்கு உள்ளூர உதறல்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனம். ஆனால் அந்தத் தட்டலுக்குப் பணிந்து பெரிய நிறுவனங்களே தங்கள் போக்கை மாற்றிக்கொண்டிருக்கின்றன.

ஜெனரல் மோட்டார்ஸின் சொகுசுப் பிரிவான கேடிலாக், 2002இல் சிடிஎஸ் என்ற செடானைக் கொண்டுவந்தது. பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் கார்களோடு நேருக்கு நேர் மோதுவதற்கென்றே செய்த கார். கத்தியால் சீவியது போன்ற கோடுகள், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஓட்டி ஓட்டிச் செம்மைப்படுத்திய சஸ்பென்ஷன். 2003இல் வந்த 'தி மேட்ரிக்ஸ் ரீலோடட்' படத்தின் நெடுஞ்சாலைத் துரத்தலில் ஓடுவது இந்தக் கார்தான். ஓட்டிப் பார்த்தவர்கள் மெச்சினார்கள். கதவைத் திறந்து உட்கார்ந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எதிரே பரந்து கிடந்தது வறண்ட, கெட்டியான பிளாஸ்டிக். இவ்வளவு விலை கொடுத்தவனுக்கு இதுதானா என்ற புலம்பல் பத்திரிகை விமர்சனங்களில் தொடர்ந்து வந்தது.

முதல் சிடிஎஸ் வருவதற்கு முந்தைய ஆண்டுதான் பாப் லட்ஸ் என்ற பழுத்த கார்க்காரர் ஜெனரல் மோட்டார்ஸில் புதிய மாடல்களை உருவாக்கும் பொறுப்புக்கு வந்திருந்தார். தன் நிறுவனத்துக் கார்களின் உட்புறத்தைப் பற்றி வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டவர் அவர். ஆகவே அடுத்த சிடிஎஸ் எப்படி வரும் என்று காத்திருந்தவர்களின் கண்ணெல்லாம் உள்ளேதான் இருந்தது. 2007 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் திரை விலகியபோது, டேஷ்போர்டின் மேற்பகுதி கையால் வெட்டித் தைத்துப் போர்த்திய உறையோடு வந்து நின்றது. 'மோட்டார் டிரெண்ட்' பத்திரிகை அதை 2008இன் சிறந்த காராகத் தேர்ந்தெடுத்தது. எஞ்சினும் முன்னேறியிருந்தது என்றாலும் பேச்செல்லாம் அந்தத் தையலைப் பற்றித்தான்.

தட்டினால் 'டக் டக்' என்று கேட்பதற்கும் 'தொப் தொப்' என்று கேட்பதற்கும் நடுவில் ஒரு தொழிற்சாலையே இருக்கிறது. கெட்டி டேஷ்போர்டு செய்வது சுலபம். டால்க் தூள் கலந்த பாலிபுரொப்பிலீனை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, ஆறியதும் எடுத்துவிடலாம். தோலின் சுருக்கங்களைப் போன்ற வரிவடிவத்தை அச்சிலேயே அரித்து வைத்திருப்பார்கள். மலிவு, லேசு, வெயிலுக்கும் தாங்கும். கண்ணுக்கு ஓரளவு தோல்போல இருக்கும். கை வைத்த நொடியில் குட்டு வெளிப்படும்.

மிருதுவான டேஷ்போர்டின் கதை வேறு. முதலில் ஒரு மாதிரியைச் செய்து, அதன்மேல் நிக்கலை மின்முலாம் முறையில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியவைத்து, மெல்லிய ஓடு போன்ற அச்சை எடுக்கிறார்கள். மாதிரியின் ஒவ்வொரு மயிர்க்கால் துளையும் சுருக்கமும் அதில் பதிந்துவிடும். இந்த நிக்கல் ஓட்டை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, பி.வி.சி. தூள் நிரம்பிய பெட்டியோடு பூட்டி, இரண்டையும் சேர்த்துச் சுழற்றுகிறார்கள். காய்ந்த கல்லில் தோசை மாவு பிடிப்பதுபோல, சூடான சுவரைத் தொட்ட தூள் உருகி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாத தூள் பெட்டிக்கே திரும்பி விழுகிறது. ஓட்டைக் குளிரவைத்து உரித்தால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்பில் முழு டேஷ்போர்டின் மேல்தோல் ஒரே துண்டாக, துவண்ட ரப்பர் முகமூடிபோல வருகிறது. இதை வேறோர் அச்சில் விரித்து, எதிர்ப்பக்கம் கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்தை வைத்து, இரண்டுக்கும் நடுவில் பாலியூரித்தேன் நுரையைப் பாய்ச்சுகிறார்கள். நுரை உப்பி இறுகியதும் மேல்தோலும் சட்டமும் ஒன்றாகிவிடும். விரலுக்குத் தட்டுப்படும் மெத்தென்ற உணர்வு அந்த நுரையினுடையது.

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. அதுதான் சிடிஎஸ் பிடித்த படி. தோலையோ செயற்கைத் தோலையோ துண்டுகளாக வெட்டித் தைத்து, பசையிட்டு, கையால் இழுத்துப் போர்த்துவது. வளைவில் சுருக்கம் விழக் கூடாது, தையல் கோடு அலையக் கூடாது. ஆள்வேலை என்பதால் செலவு எகிறும். இடைவழியில் ஒரு தந்திரமும் உண்டு. அச்சில் எடுத்த மேல்தோலின் மேல் நிஜ நூலால் தையல் மட்டும் ஓட்டிவிடுவார்கள். அந்தத் தையல் எதையும் எதோடும் இணைப்பதில்லை, சும்மா அழகுக்கு. அதைவிட மலிவு ரகத்தில் நூலும் கிடையாது, அச்சில் பதிந்த பொய்த் தையல்தான். நகத்தால் நெருடினால் நூல் நகர்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். நூல் நகராத தையலைப் போடுவதற்குப் பதிலாகத் தையலே இல்லாமல் விட்டிருந்தால் கௌரவமாக இருக்கும் என்பது என் கட்சி.

பயணியின் எதிரே, டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் ஒன்று மடித்து வைத்திருக்கிறது. முந்தைய தலைமுறைக் கார்களில் அதற்குத் தனி மூடியும் சுற்றிலும் பிளவுக்கோடும் தெரியும். சொகுசு காரில் அந்தக் கோடு தெரியக் கூடாது, ஆனால் மோதலின்போது அதே இடம் தவறாமல் கிழிய வேண்டும். மேல்தோலின் அடிப்பக்கத்தில் லேசரால் கீறி, ஒரு கோட்டை மட்டும் மெலிதாக்கி வைப்பதுதான் இதற்குக் கண்ட வழி. கீறல் ஆழமானால் சில வருட வெயிலில் அந்தக் கோடு மேலே தடமாகத் தெரியும். ஆழம் போதாவிட்டால் பை நேரத்துக்கு விரியாது. விரிய வேண்டிய அவகாசமோ நொடியின் நூறில் சில பங்கு. கை தடவினால்கூடத் தட்டுப்படாத அந்தக் கோடுதான் டேஷ்போர்டிலேயே ஆக நுட்பமான வேலை. எந்த விளம்பரத்திலும் அது வராது.

தோல் என்றால் எல்லாம் ஒரே தோல் இல்லை. மாட்டுத் தோலில் முட்கம்பி கீறியது, உண்ணி கடித்தது, முதுகு உரசியது எல்லாமே தழும்பாக நிற்கும். தழும்பு நிறைந்த தோலின் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்து, தடிப்பாக நிறப்பூச்சு ஏற்றி, செயற்கையாக வரிவடிவம் அழுத்துவார்கள். வருடக்கணக்காக உழைக்கும், ஆனால் தொட்டால் பிளாஸ்டிக்கின் குளிர்ச்சி. தழும்பு குறைந்த தோலுக்குத் தேய்ப்பு வேண்டாம், மெல்லிய பூச்சு போதும். அதில்தான் தோலின் இயல்பான இழைவு மிஞ்சும். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் குளிர்ந்த ஐரோப்பியப் பகுதிகளில் வளர்ந்த காளைகளின் தோலைத் தேடி வாங்குவதற்குக் காரணம் அதுதான். அங்கே பூச்சிக்கடி குறைவு. பசுவின் தோலில் சினைக் காலத்து நீட்சித் தழும்புகள் விழும், காளைக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

'லெதர் சீட்' என்று பட்டியலில் போட்டிருந்தாலும் பல கார்களில் உடம்பு படும் நடுப்பகுதி மட்டுமே தோல். பக்கங்களும் முதுகுப்புறமும் செயற்கை. மெர்சிடிஸ் 'ஆர்டிகோ' என்றும் பி.எம்.டபிள்யூ. 'சென்சாடெக்' என்றும் லெக்ஸஸ் 'நூலக்ஸ்' என்றும் பெயர் சூட்டி விற்பது செயற்கைத் தோலைத்தான். அது மட்டம் என்று சொல்ல மாட்டேன். இப்போதைய பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் காஷ்மீர் கம்பளி கலந்த துணி இருக்கையே உயர்ரக விருப்பத் தேர்வாக வருகிறது. வெயில் ஊரில் கறுப்புத் தோல் சீட்டில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அதன் அருமை சொல்லாமலே புரியும்.

மரத்தைப் பொறுத்தவரை, நிஜ மரம் என்றால் முழுக்கட்டை என்று நினைத்துவிட வேண்டாம். சீவி எடுத்த மெல்லிய ஏடுதான். பெரும்பாலும் பின்னால் அலுமினியத் தகடு இருக்கும், விபத்தில் மரம் சிலாம்பாகத் தெறிக்காமலிருக்க. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய ஏடுகளைப் புத்தகம் விரித்ததுபோல் இடமும் வலமும் பொருத்தினால் ரேகைகள் கண்ணாடிப் பிம்பமாக அமையும். லெக்ஸஸின் 'ஷிமமோகு' மர ஸ்டீயரிங்குக்கு 67 படிகள், 38 நாட்கள் ஆகின்றன என்று அந்த நிறுவனம் சொல்கிறது. அங்கே 'தகுமி' எனப்படும் மூத்த கைவினைஞராகத் தேர்வாக ஒரு விசித்திரப் பரீட்சையும் உண்டு. காகிதத்தில் பூனை மடிக்க வேண்டும், பழக்கமில்லாத கையால், 90 வினாடிக்குள்.

பொருள்கள் இவ்வளவு உயர்வாக இருந்தும் கார் மட்டமாகத் தெரிய வாய்ப்பு உண்டு. இரண்டு பாகங்கள் சந்திக்கும் இடுக்கு ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருந்தால் போதும். மில்லிமீட்டர் கணக்கு தெரியாதவர் கண்ணும் 'ஏதோ சரியில்லை' என்று சொல்லிவிடும். டேஷ்போர்டில் ஓடும் மரப்பட்டை கதவில் தொடர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதவு சாத்தும்போது இரண்டும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். ஆனால் கதவு கீலில் தொங்குகிறது, டேஷ்போர்டு குறுக்குச் சட்டத்தில் நிற்கிறது, கதவைச் சுற்றிய ரப்பர் பட்டையோ அமுங்கி எதிர்க்கிறது. மூன்றின் சிறு பிழைகளும் கூடி அந்த ஒரு கோட்டில் வந்து நிற்கும். புதுக் கார்களில் கதவும் டேஷ்போர்டும் சேரும் இடத்தில் காற்றுத்துளையையோ கறுப்புத் துண்டையோ நீங்கள் பார்த்தால், கோட்டைச் சேர்க்க முடியாமல் வடிவமைப்பாளர் சமரசம் செய்துகொண்டார் என்று சந்தேகப்பட இடமுண்டு.

சுவிட்சின் 'கிளிக்'கும் அளந்து செய்ததுதான். பட்டனை அழுத்தும்போது எதிர்ப்பு படிப்படியாக ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, சட்டென்று விழ வேண்டும். அந்த விழுதலைத்தான் விரல் 'கிளிக்' என்று உணர்கிறது. ஏற்றம் மந்தமாக இருந்தால் பட்டன் சவசவவென்று இருக்கும், விழுதல் முரடாக இருந்தால் பொம்மைக் கார்போல இருக்கும். ஆடி நிறுவனம் இதில் பேர் வாங்கியது. சன்ரூஃப் பட்டனும் ஏ.சி. திருகும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்போல ஒலிக்க வேண்டும் என்று மெனக்கெட்டவர்கள்.

சத்தம் என்றதும் கீச்சொலியைச் சொல்லாமல் விட முடியாது. தோலும் பிளாஸ்டிக்கும் உரசும்போது முதலில் ஒட்டி, பிறகு வழுக்கி, மறுபடி ஒட்டி என்று விட்டு விட்டு நகரும். அந்த விட்டு விட்டுத்தான் கீச்சென்று கேட்கிறது. எந்தப் பொருள் எதோடு உரசினால் கீச்சிடும் என்று ஜோடி ஜோடியாக எந்திரத்தில் தேய்த்து, 1 முதல் 10 வரை ஆபத்து மதிப்பெண் போடுகிறார்கள். கம்பிவடங்களுக்குப் பஞ்சுத்துணி நாடா சுற்றுவதும், சாமான் அறையின் உட்புறத்தில் மென்மயிர் பூச்சு இடுவதும் இந்தக் கீச்சையும் கடகடவையும் அடக்கத்தான். பேட்டரி கார்கள் வந்த பிறகு இந்த வேலை இன்னும் கூடிப்போனது. முன்பெல்லாம் எஞ்சின் இரைச்சல் பாதிக் குறையை மூடி மறைத்துவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மிக முக்கியமான பரீட்சை, கார் புதிதாக இருக்கும்போது நடக்காது. பெராரி கார்களில் ஒரு காலத்தில் பட்டன்களுக்கு ரப்பர்போன்ற மிருதுப் பூச்சு போட்டிருந்தார்கள். ஷோரூமில் தொட்டால் வெல்வெட். சில வருடங்கள் போனதும் பூச்சு பிசுபிசுத்து, விரலில் கறுப்பாக ஒட்டத் தொடங்கியது. இந்தப் பூச்சுக்குச் சூடும் ஈரக்காற்றும் எமன். 2000களின் நடுவில் வந்த லெக்ஸஸ் செடான்கள் சிலவற்றின் டேஷ்போர்டும் அமெரிக்காவின் வெயில் பகுதிகளில் இளகிப் பளபளத்து ஒட்டியது. இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தை நிறுவனம் அறிவிக்க வேண்டிவந்தது. இத்தனைக்கும் 1989இல் எல்எஸ் 400 செடானைக் கொண்டு வந்து, ஜெர்மானியர்களையே திரும்பிப் பார்க்க வைத்த லெக்ஸஸ் அது. மிருதுவாகச் செய்வது ஒரு வித்தை என்றால், மிருதுவாகவே வைத்திருப்பது அதைவிடப் பெரிய வித்தை.

புதுக் கார் வாசனையும் இதே ரசாயனத்தின் இன்னொரு முகம். பிளாஸ்டிக், பசை, நுரை எல்லாவற்றிலிருந்தும் ஆவியாகி வருவதைத்தான் முகர்கிறோம். அந்த ஆவி முன்கண்ணாடியில் படலமாகவும் படியும். ஜெர்மன் வாகனத் துறைக்கென்று ஒரு முகர்தல் விதியே இருக்கிறது. பாகத்தின் ஒரு துண்டைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து, 80 டிகிரியில் 2 மணி நேரம் சூடாக்கி, பயிற்சி பெற்ற மூக்குகள் முகர்ந்து 1 முதல் 6 வரை மதிப்பெண் இடும். 1 என்றால் வாசனையே தெரியவில்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. இதற்கென்றே ஆடியில் 1985 முதல் ஒரு குழு இயங்குகிறது. அமெரிக்கர்கள் புதுக் கார் வாசனையைச் செண்டாகவே வாங்கி அடிக்கிறார்கள். சீன வாடிக்கையாளர்களோ பல ஆண்டுகள் தரக் கணக்கெடுப்புகளில் முதல் புகாராகச் சொன்னதே அந்த வாசனையைத்தான்.

இப்போது எல்லா எதிர்பார்ப்பும் திரையில் வந்து நிற்கிறது. 2021இல் மெர்சிடிஸ் இக்யூஎஸ் காரில் டேஷ்போர்டின் அகலம் முழுக்க, 141 சென்டிமீட்டருக்கு, ஒரே வளைந்த கண்ணாடி. 2022இல் வந்த 7 சீரிஸில் பின்சீட்டுக்காரருக்காகக் கூரையிலிருந்து இறங்கும் 31.3 அங்குலத் திரை. படத்தில் பிரமாதமாகத் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் நல்ல பட்டன் செய்வது கடினம், கண்ணாடிக்குப் பின்னால் பட்டன் படம் வரைவது சுலபம். சுலபமான வழியைத் தொழில்நுட்பம் என்று விற்கிறார்கள் என்ற கார்ப் பிரியர்களின் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஏ.சி.யைக் குறைக்கச் சாலையிலிருந்து கண்ணை எடுக்கச் செய்கிற கார் எப்படிச் சொகுசு ஆகும்? ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப், இன்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்ற அவசியமானவற்றுக்கு நிஜ சுவிட்சுகள் இல்லாவிட்டால் 2026 முதல் மதிப்பெண்ணில் கைவைக்கிறது. வோக்ஸ்வாகனும் பட்டன்களைத் திரும்பக் கொண்டுவருவதாக 2025இல் சொல்லிவிட்டது. புலம்பலுக்குப் பலன் இல்லாமல் போகவில்லை.

இதெல்லாம் சீமைச் சமாச்சாரம் என்று ஒதுக்கவும் முடியாது. பி.எம்.டபிள்யூ.வின் இந்தியத் தொழிற்சாலை 2007 முதல் சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இயங்குகிறது. 7 சீரிஸ் அங்கே பூட்டப்படுகிறது. 2015இல் உள்நாட்டுப் பாகங்களின் பங்கைக் கூட்டியபோது, சீட்டுகளை லியர் நிறுவனத்தின் இந்தியக் கிளையிடமிருந்தும் கதவுகளின் உட்பலகைகளை டிரெக்ஸ்ல்மையரின் இந்தியக் கிளையிடமிருந்தும் வாங்குவதாக அறிவித்தார்கள். கை படும் பாகங்கள் இரண்டும் இங்கேயே செய்தவை.

அடுத்து வரும் செடானுக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தில் தெரிவதை விட்டுவிட்டு, தெரியாத இடத்தில் கையை விட்டுப் பாருங்கள். கதவுப் பையின் உட்புறம், சீட்டின் பக்கவாட்டு, முழங்காலுக்குக் கீழே உள்ள பலகை. காசு மிச்சம் பிடிப்பவர் அங்கேதான் பிடிப்பார். கியர் பக்கத்துச் சட்டத்தை முழங்காலால் அழுத்தினால் முனகுகிறதா, கதவுப்பிடியை இழுத்தால் பலகை நெளிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் காலையில் நிழலில் பார்த்த அதே காரை மதிய வெயிலில் அரைமணி நேரம் நின்ற பிறகு இன்னொரு முறை முகர்ந்து பாருங்கள். டெஸ்ட் டிரைவில் விற்பனையாளர் பாட்டைப் போட வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாம் பார்த்து வாங்கிய பிறகு, 'சீட் அழுக்காகிவிடும்' என்று கடைவீதியில் இறுக்கமான உறை தைத்து மாட்டும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் இருப்பது சீட்டின் ஓரத்துக்குள்தான். அது வெளியே வருவதற்கென்றே அந்த ஓரத் தையலைப் பிரியும்படி போட்டிருக்கிறார்கள், மேலே மாட்டிய உறை பிரியாது.